சுரண்டத் தெரிந்தால் பட்டி பார்க்கலாம்

சுவரில் ஆணி ஓட்டை ஒன்றை அடைக்க வேண்டுமென்றால் நம்மில் பலர் முதலில் வாங்குவது பட்டிப் பொடி. பொடியைக் கரைத்து விரலாலோ பழைய ஏ.டி.எம். கார்டாலோ அப்பிவிடுவோம். ஓட்டை மூடிவிடும். ஆனால் அந்த இடத்தில் ஒரு மேடு நிற்கும், பெயிண்ட் அடித்தபின் அது இன்னும் எடுப்பாகத் தெரியும். பொடியைக் குறை சொல்லி என்ன பயன்? கையில் சரியான தகடு இல்லை, இருந்தாலும் அதை எதற்காகப் பிடிக்கிறோம் என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பட்டித் தகட்டுக்குப் பூசும் வேலை குறைவு, எடுக்கும் வேலைதான் அதிகம். ஒட்டாமல் நிற்கும் பழைய பெயிண்டை எடுக்க வேண்டும், உதிர்ந்த காரையை எடுக்க வேண்டும், பூசிய பட்டியில் மிகுந்ததை எடுக்க வேண்டும். எடுத்தது போக மீதி நிற்பதுதான் பழுது பார்த்த சுவர். இது பிடிபட்ட பிறகு என் வீட்டுச் சின்னச் சின்னச் சுவர் வேலைகளுக்கு நான் யாரையும் கூப்பிடுவதில்லை.

கடையில் 'பட்டி பிளேடு' என்று கேட்டால் இரண்டு வகையைக் கலந்தே எடுத்துப் போடுவார்கள். ஒன்று தடித்தது, வளையாதது. அது சுரண்டி. இன்னொன்று மெல்லியது, சுவரில் அழுத்தினால் லேசாக வளைந்து, விட்டதும் பழையபடி நிமிர்வது. அதுதான் பட்டி இழுப்பதற்கானது. இரண்டும் வேண்டும். வளையாத தகட்டால் பட்டி இழுத்தால் சுவரின் மேடுபள்ளத்துக்கு அது இணங்காது, கோடு கோடாக விழும். வளையும் தகட்டால் பழைய பெயிண்டைப் பெயர்க்கப் போனால் முனை மடங்கிப் பாழாகும். வீட்டுக்கு இரண்டு இஞ்ச் சுரண்டி ஒன்று, மெல்லிய தகட்டில் இரண்டு இஞ்ச் ஒன்று, நான்கு இஞ்ச் ஒன்று போதும். ஆறு இஞ்ச் இருந்தால் விரிசல் வேலைக்கு வசதி. துருப்பிடிக்காத எஃகில் கிடைத்தால் கொஞ்சம் காசு கூடினாலும் அதையே வாங்குங்கள். சாதா இரும்புத் தகட்டில் ஒட்டியிருக்கும் துரு வெள்ளைப் பட்டியில் கலந்தால் பிற்பாடு பெயிண்ட் வழியாகப் பழுப்புப் புள்ளியாக வெளியே வரும்.

பட்டி இழுக்கும் புதுத் தகட்டின் இரண்டு மூலைகளும் கூராக இருக்கும். உப்புத்தாளில் நாலைந்து தேய்ப்புத் தேய்த்து அந்த மூலைகளை மழுக்கிக்கொள்ள வேண்டும். எங்கள் அடுக்ககத்தில் பெயிண்ட் வேலைக்கு வந்த ஒரு அண்ணன் கையில் இதைத்தான் முதலில் பார்த்தேன். புதுத் தகட்டை உறையிலிருந்து எடுத்தவர் சுவர்ப் பக்கமே போகவில்லை, படிக்கட்டில் உட்கார்ந்து மூலையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "மூலை கூரா இருந்தா ரெண்டு பக்கமும் கோடு இழுத்துட்டே வரும்மா. அந்தக் கோட்ட அழிக்க இன்னொரு தடவ பூசணும், அது இன்னொரு கோடு போடும்" என்றார். நான் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் ரயில் தண்டவாளம் மாதிரி இரட்டைக் கோடுகளைப் பார்த்திருக்கிறேன். காரணம் இதுதான்.

அவரோடு பேசிக்கொண்டே பக்கத்தில் நின்று பார்த்ததில் இன்னொன்றும் புரிந்தது. பட்டி கலப்பதற்கு முன் அவர் சுவரைத் தட்டிக்கொண்டே போனார், தகட்டின் கைப்பிடியால். சில இடங்களில் சத்தம் கெட்டியாக வரும். சில இடங்களில் உள்ளே காற்று இருப்பதுபோல் பொள்ளென்று வரும். பொள்ளென்ற இடத்தில் பூச்சு செங்கல்லை விட்டு விலகியிருக்கிறது என்று பொருள். அதன் மேல் எவ்வளவு நல்ல பட்டி வைத்தாலும் பட்டியும் பூச்சும் சேர்ந்தே விழும். அந்த வட்டத்தைப் பென்சிலால் குறித்து, கெட்டிச் சத்தம் வரும்வரை சுரண்டி எடுத்துவிட வேண்டும். உள்ளங்கை அளவுக்குள் என்றால் நாமே பார்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் கொத்தனாரைக் கூப்பிட்டு சிமெண்ட் பூச வைப்பதுதான் முறை.

அடுத்தது ஓதம். தரையிலிருந்து முழங்கால், இடுப்பு உயரம் வரை பெயிண்ட் பொரிந்து, உள்ளே வெள்ளையாக மாவு பூத்திருந்தால் அது தகடும் பட்டியும் தீர்க்கிற வியாதி கிடையாது. மண்ணிலிருக்கும் ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறுகிறது. கூடவே உப்பையும் கரைத்துக் கொண்டுவருகிறது. சுவரின் முகத்துக்கு வந்து நீர் ஆவியாகும்போது உப்பு அங்கேயே படிகமாகி, தன் மேலிருக்கும் பூச்சை நெம்பித் தள்ளுகிறது. அதன் மேல் பட்டி இழுத்தால் அடுத்த மழைக்காலம் வரை தாங்கினால் அதிகம். இதே பொரிவு குளியலறைக்குப் பின்பக்கச் சுவரில் வந்தால் மண்ணைச் சந்தேகப்படுவதற்கு முன் குழாய் இணைப்பையும் தரை டைல்ஸின் இடுக்குகளையும் பார்க்க வேண்டும். மேற்கூரைக்கு அடியில் வந்தால் மொட்டை மாடியைப் பார்க்க வேண்டும். நீர் வரும் வழியை அடைத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே பட்டி. ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் உட்கார்ந்துகொண்டு இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. தை பிறந்த பிறகு சுவர் காய்ந்திருக்கும், பட்டியும் ஒழுங்காக இறுகும்.

விரிசல்களைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். எல்லா விரிசலும் ஒன்றில்லை. சிலந்தி வலைபோல் நாலா பக்கமும் ஓடும் மயிரிழை விரிசல்கள் பெரும்பாலும் பூச்சு காயும்போது சுருங்கியதால் வந்தவை. சரியாகத் தண்ணீர் அடித்து ஆற்றாத பூச்சில் இவை நிறைய இருக்கும். அவற்றால் ஆபத்து ஒன்றுமில்லை. கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேருமிடத்தில் மேலிருந்து கீழாக நேர்க்கோட்டில் வருவது வேறு. இரண்டு பொருளும் வெயிலுக்கும் ஈரத்துக்கும் வேறு வேறு அளவில் விரிந்து சுருங்குகின்றன, அந்த இழுபறி சந்திப்பில் தெரிகிறது. இதை வெறும் பட்டியால் அடைத்தால் மீண்டும் அதே கோடு வரும். மேலே கண்ணாடி இழை வலை நாடா ஒட்டி, அதற்கு மேல் பட்டி இழுக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் சுவரை வெட்டிக் குழாய் பதித்த தடத்திலும் இதே கதைதான், இதே வைத்தியம்தான்.

ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்புவது, செங்கல் வரிசையைப் பிடித்துப் படிக்கட்டு மாதிரி இறங்குவது, சுவரின் இரு பக்கமும் ஒரே இடத்தில் தெரிவது, இந்த மூன்றையும் மரியாதையோடு பார்க்க வேண்டும். விரிசலின் இரு நுனியிலும் பென்சிலால் குறுக்கே கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். சில மாதம் கழித்து நுனி அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால் சுவர் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. பிரிட்டனின் கட்டட ஆய்வு நிலையம் வகுத்த அளவுகோலில், 1 மி.மீ. வரையான விரிசல் பெயிண்ட் வேலையோடு சரிசெய்யக்கூடியது, 5 மி.மீ. வரை எளிதாக நிரப்பலாம், அதற்கு மேல் போனால் கொத்தனார் உடைத்துப் பார்க்க வேண்டியது. அகலம் ஒரு பக்கம் இருக்கட்டும், வளர்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியம். வளர்கிற விரிசலைப் பட்டியால் மூடுவது வீட்டுக்காரர் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வது. வீட்டை விற்பதற்கு முன் அப்படி மூடுபவர்களும் உண்டு. அது வாங்குபவருக்குச் செய்யும் துரோகம்.

சரி, சுவர் கெட்டி, ஈரமில்லை, விரிசல் வளரவில்லை. இனி வேலை.

மயிரிழை விரிசலை அப்படியே மூட முடியாது, பட்டி உள்ளே போகாது. சுரண்டியின் மூலையால் விரிசலைக் கீறி லேசாக அகலப்படுத்த வேண்டும். பழைய ராவல் பிளக் (ஸ்குரு பிடிக்கச் சுவருக்குள் செருகும் பிளாஸ்டிக் குழல்) ஓட்டையில் பிளக்கைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் சுற்றியுள்ள பூச்சும் பெயர்ந்து வரும். ஸ்குரு டிரைவரால் உள்ளே தள்ளிவிட்டாலே போதும், சுவர் மட்டத்துக்குக் கீழே போய்விடும். ஆணி ஓட்டையைச் சுற்றி ஒரு விளிம்பு உப்பி நிற்கும், அதைத் தகட்டால் சீவிவிட வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்த விளிம்பைத்தான். அதை விட்டால் எத்தனை முறை பட்டி இழுத்தாலும் மேடு போகாது. பளபளப்பான பெயிண்ட் இருந்தால் ஓட்டையைச் சுற்றி இரண்டு இஞ்ச் உப்புத்தாள் போட்டு மங்கலாக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டியின் ஓரம் பிடிக்காது. அப்புறம் பிரஷ்ஷால் தூசியைத் தட்டி எடுக்க வேண்டும். தூசி இருக்கும் குழியில் பட்டி தூசியைத்தான் பிடித்துக்கொள்ளும், சுவரைப் பிடிக்காது.

பழைய வீட்டுப் பெயிண்டைச் சுரண்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவு 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அதை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூளாக்கக் கூடாது. தண்ணீர் தெளித்து, ஈரமாகச் சுரண்டி, கீழே விரித்த பேப்பரோடு சுருட்டி எடுத்துவிட வேண்டும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அந்த அறைக்குள் குழந்தையை விடவே வேண்டாம். நல்ல மாஸ்க் போடுங்கள், சாதாத் துணி போதாது.

பட்டியில் மூன்று வகையை நம் ஊரில் அதிகம் பார்க்கலாம். வெள்ளை சிமெண்ட் பட்டி பொடியாக வரும், தண்ணீரோடு வினை புரிந்து இறுகும். அக்ரிலிக் பட்டி டப்பாவில் பசையாக வரும், தண்ணீர் ஆவியாகிக் காயும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்பது ஜிப்சத்தைச் சுமார் 150 டிகிரியில் சுட்டு நீரை வெளியேற்றிய பொடி. தண்ணீர் பட்டதும் சில நிமிடங்களில் மறுபடி ஜிப்சமாக இறுகிவிடும். ஆழமான குழியை வேகமாக அடைக்க அது நல்லது, ஆனால் ஈரம் படும் சுவருக்கு ஆகவே ஆகாது. நீரில் ஜிப்சம் மெல்லக் கரைந்து இளகும். குளியலறைப் பக்கம் அதை வைத்துவிட்டு, காசு வாங்கிக்கொண்டு போன ஒரு கான்ட்ராக்டரின் வேலையை நான் பிற்பாடு கையாலேயே பெயர்த்தெடுத்திருக்கிறேன், அவ்வளவு குழைந்திருந்தது. அறைக்குள் இருக்கும் நாலைந்து ஆணி ஓட்டைகளுக்கு அக்ரிலிக் பட்டி போதும். மற்ற எல்லாவற்றுக்கும் என் தேர்வு வெள்ளை சிமெண்ட் பட்டிதான்.

சிமெண்ட் பட்டிக்கு ஒரு கிலோ பொடிக்கு 360 முதல் 400 மில்லி தண்ணீர் வரை பிடிக்கும், பாக்கெட்டிலேயே எழுதியிருப்பார்கள். தண்ணீரை முதலில் வைத்து அதில் பொடியைத் தூவிக் கலக்குவது நல்லது. பொடியில் தண்ணீர் ஊற்றினால் உள்ளே உலர்ந்த கட்டிகள் தங்கிவிடும், அவை தகட்டில் மாட்டிச் சுவரைக் கீறும். பத்து நிமிடம் கலந்து, கொஞ்சம் ஓய விட்டு, மறுபடி கலக்க வேண்டும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருக்களில் குடிதண்ணீரில் கலக்குவதுதான் புத்திசாலித்தனம். தண்ணீரில் இருக்கும் உப்பை நாமே சுவருக்குள் ஏற்றுவானேன்? கலந்ததை இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். இறுக ஆரம்பித்ததில் மறுபடி தண்ணீர் விட்டு இளக்கினால் வலு போய்விடும். அதனால் ஒரு கிண்ணம் அளவுக்கு மேல் நான் கலப்பதே இல்லை.

சிமெண்ட் பட்டி வைப்பதற்கு முன் சுவரை நனைக்க வேண்டும். காய்ந்த பூச்சு பட்டியில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டால், இறுகுவதற்கு வேண்டிய நீர் இல்லாமல் பட்டி மாவாகவே நின்றுவிடும். கை வைத்தால் விரலில் வெள்ளையாக ஒட்டும் சுவர்களில் பெரும்பாலும் நடந்தது இதுதான். தண்ணீர் வழியக் கூடாது, குளிர்ச்சி தெரிந்தால் சரி.

இப்போது கை. நான்கு இஞ்ச் தகட்டில் பட்டியை வைத்துக்கொண்டு, இரண்டு இஞ்ச் தகட்டின் விளிம்பில் கொஞ்சம் எடுக்க வேண்டும். தகடு குழியை விட அகலமாக இருக்க வேண்டும், அதன் இரு முனையும் நல்ல சுவரில் ஏறி நின்றால்தான் மட்டம் கிடைக்கும். முதல் இழுப்பு உள்ளே தள்ளுவதற்கு. தகட்டைச் சுவரை ஒட்டிச் சாய்த்துப் பிடித்து, விரிசலுக்குக் குறுக்கே அழுத்தி இழுக்க வேண்டும். விரிசலின் நீளவாக்கில் முதலிலேயே இழுத்தால் பட்டி மேலே பாலம் போட்டுக்கொண்டு உள்ளே காற்றை விட்டுவிடும். இரண்டாவது இழுப்பு எடுப்பதற்கு. தகட்டை நன்றாக நிமிர்த்திப் பிடித்து, விரிசலோடு ஒரே இழுவையாக, நிறுத்தாமல். நிறுத்திய இடத்தில் ஒரு வரப்பு விழும். ஒவ்வோர் இழுப்புக்கும் பிறகு தகட்டின் முகத்தை இன்னொரு தகட்டில் வழித்துவிட வேண்டும். அழுக்குத் தகட்டில் காய்ந்த துகள் ஒன்று இருந்தாலும் அடுத்த இழுப்பில் அது கோடு போடும்.

அந்த அண்ணன் இரண்டாவது இழுப்பு முடிந்ததும் கை வைக்க மாட்டார். எனக்கு இன்னும் ஒருமுறை இழுத்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். "விடுங்கம்மா, அது காயட்டும். நோண்ட நோண்டப் பள்ளம்தான் ஆகும்" என்பார். ஓரத்தில் தெரியும் சின்னக் கோட்டை ஈரத்திலேயே சரிசெய்யப் போனால் நடுவில் இருக்கும் பட்டி தகட்டோடு வந்துவிடும். காய்ந்தபின் உப்புத்தாள் அதை இரண்டு தேய்ப்பில் எடுத்துவிடும்.

ஆழமான குழியை ஒரே தடவையில் நிரப்பக் கூடாது. சிமெண்ட் பட்டியில் இரண்டு பூச்சும் சேர்த்து 1.5 மி.மீ.தான் கணக்கு. அதைவிட ஆழம் என்றால் முதலில் சிமெண்டும் சலித்த மணலும் கலந்து மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வரை அடைத்து, அது இறுகியபின் பட்டி. தடியாக வைத்த பட்டி காயும்போது சுருங்கி நடுவில் வெடிக்கும், அல்லது நடுப்பகுதி குழிந்துவிடும். முதல் பூச்சு காய்ந்ததும் எப்படியும் லேசாக உள்வாங்கியிருக்கும். இரண்டாவது பூச்சை முதலாவதைவிட இரண்டு பக்கமும் ஓர் இஞ்ச் அகலமாக, ஓரத்தில் ஒன்றுமே இல்லாத அளவுக்கு மெல்லியதாக இழுக்க வேண்டும். ஓரம் எங்கே முடிகிறது என்று விரலுக்குத் தெரியாமல் இருந்தால் பெயிண்டுக்கும் தெரியாது.

மறுநாள் 180ஆம் எண் உப்புத்தாள், பிறகு 320. தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றித் தேய்த்தால்தான் மட்டம் வரும், வெறும் விரலால் தேய்த்தால் விரலின் பள்ளம் சுவரில் விழும். அறை விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். மேடு பள்ளம் எல்லாம் நிழலோடு தெரியும். சுவரை ஒட்டி மேலிருந்து கீழே வெளிச்சம் விழும்படி எல்.இ.டி. விளக்கு வைக்கிற இந்தக் காலத்தில் இந்தச் சோதனை கட்டாயம்.

நான் இதுவரை சொன்னதெல்லாம் சிமெண்ட் பூச்சுச் சுவருக்கு. தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் சித்தப்பா வீடு சுண்ணாம்புக் காரை. அங்கே இதே வெள்ளை சிமெண்ட் பட்டியைக் கொண்டுபோய் வைக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். சுண்ணாம்புப் பூச்சு மென்மையானது, தன் வழியாக ஈரத்தை வெளியே விடக்கூடியது. சிமெண்ட் கடினமானது, ஈரத்தை விடாது. அந்த ஒட்டு மட்டும் கல்லாக நிற்க, உள்ளே வந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் ஒட்டின் ஓரமாகத் திரும்பும். சில வருடத்தில் ஒட்டு நன்றாகவே இருக்கும், அதைச் சுற்றியுள்ள பழைய காரை வட்டமாக உதிர்ந்திருக்கும். ஊர் ஊராகப் பழைய வீடுகளில் பார்க்கலாம் இதை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பு குழைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கண்ணாடிபோல் மெருகேற்றிய செட்டிநாட்டுச் சுவர்களில்கூட ஏ.சி. பெட்டி மாட்டிய இடத்தில் சிமெண்ட் திட்டு ஒன்று இருக்கும், பார்க்கவே மனசு கஷ்டப்படும்.

சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான். நீர்த்து, நாள்கணக்கில் தண்ணீரில் ஊறி வெண்ணெயாகக் குழைந்த சுண்ணாம்பைச் சலித்த நைஸ் மணலோடு கலந்து, சுவரை நன்றாக நனைத்து, மெல்லிய பூச்சாக இழுக்க வேண்டும். அது காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கி மெதுவாகத்தான் கெட்டிப்படும். சில நாள் நேர் வெயில் படாமல், தண்ணீர் தெளித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். தகடு அதேதான், கோணமும் அதேதான். பொறுமைதான் கூட வேண்டும். சித்தப்பா வீட்டுத் திண்ணைச் சுவரில் அப்படி இழுத்த ஒட்டு எங்கே இருக்கிறது என்று இப்போது சித்தியிடம் கேட்டால் அவருக்கே தேட வேண்டியிருக்கிறது.

கடைசியாகப் பெயிண்ட். பட்டி மேல் நேராகப் பெயிண்ட் அடித்தால் அந்த இடம் மட்டும் உறிஞ்சிக்கொண்டு மங்கலாகத் தெரியும். ஒரு கை பிரைமர் கட்டாயம். அதன் பிறகும் ஒட்டின் மேல் மட்டும் தொட்டு அடித்தால், அதே டப்பா பெயிண்டாக இருந்தாலும் பழைய சுவர் வெளிறியிருப்பதால் திட்டாகத் தெரியும். ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலை வரை அந்த ஒரு சுவரை முழுதாக அடித்துவிடுங்கள். மூலையில் நிழல் மாறுவதால் இரண்டு சுவருக்கும் உள்ள நிற வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் குடிவந்த அன்றே வீட்டுக்காரரிடம் பெயிண்டின் நிற எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காலி செய்யும்போது அட்வான்ஸில் பெயிண்டுக்கென்று பிடிக்கும் தொகையில் ஒரு சிறு பங்குதான் ஒரு லிட்டர் டப்பாவுக்கு ஆகும். தகட்டை அன்றே கழுவித் துடைத்து, முனையில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால் அடுத்த வீட்டிலும் உதவும்.